புள்ளிக் கோலத்துக்குத் தனி வரிசை வேண்டும்: மார்கழிப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கும், கோயில் விழாக் குழுவினருக்கும், பள்ளி கல்லூரிகளில் பொங்கல் விழா பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கும், கையில் மதிப்பெண் தாளோடு வரிசையாக நடந்து வரும் நடுவர்களுக்கும் வணக்கம்.

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு உங்கள் அறிவிப்பு வந்துவிடும். அடுக்ககத்தில் லிஃப்ட் ஓரமாக ஒட்டுவீர்கள், வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவீர்கள். கோலப் போட்டி, இடம் 5க்கு 5 அடி, கால அளவு 1 மணி நேரம், வண்ணப் பொடி அவரவர் கொண்டு வரவும், சமூகக் கருத்து சொல்லும் கோலத்துக்குக் கூடுதல் மதிப்பெண். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், மற்றபடி இதேதான். இந்த அறிவிப்பைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். நான் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறவள். மார்கழி தோறும் எங்காவது நடுவராகவும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளிக் கோலத்தையும், புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து ஓடுகிற சிக்குக் கோலத்தையும், வண்ணப் பொடியில் உருவப்படம் வரைகிற ரங்கோலியோடு ஒரே வரிசையில் உட்கார வைத்து மதிப்பெண் போடாதீர்கள். தனிப் பிரிவு கொடுங்கள், தனிப் பரிசு கொடுங்கள். ரங்கோலி எதைக் காட்டுகிறது என்று பார்க்கிறோம். புள்ளிக் கோலத்தில் ஒரு வடிவம் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பார்க்கிற கண்ணே வேறு.

ஒரு கோயில் தெருவில் நடந்த போட்டி. சுமார் அறுபது வயது அம்மா ஒருவர் வெள்ளைப் பொடியில் மட்டும் 15 புள்ளி இடைப்புள்ளி வைத்து 8இல் நிறுத்தி ஒரு கோலம் போட்டிருந்தார். பக்கத்து இடத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு தேசத் தலைவரின் முகத்தை வண்ணத்தில் வரைந்திருந்தாள். படம் நன்றாகத்தான் இருந்தது, அவள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவர் குழு அந்த முகத்துக்கு முன்னால் நின்று பேசியது, படம் எடுத்துக்கொண்டது. அம்மாவின் கோலத்தை நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போனது. தினமும் வாசலில் போடுவதுதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று உடன் வந்த ஒருவர் சொன்னார். நான் வாதாடினேன், ஆனால் மதிப்பெண் தாளில் நிறம், கருத்து, கற்பனை, தூய்மை என்று நாலு கட்டம்தான் இருந்தது. அந்த அம்மா செய்ததைப் பதிந்து வைக்க அந்தத் தாளில் இடமே இல்லை. அவருக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

அவர் என்ன செய்தார் என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். நடுவில் 15 புள்ளி ஒரே நேர்கோட்டில் வைத்தார். அதற்கு மேலே, இரண்டிரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுமாறு 14. அதற்கு மேலே 13. இப்படியே 8 வரை. பிறகு அதே கணக்கில் கீழே. மொத்தம் 169 புள்ளி, அறுகோண வடிவம். ஸ்கேல் கிடையாது, கயிறு கிடையாது, சுண்ணாம்புக் கோடு கிடையாது. இடைப்புள்ளி வரிசையை ஒரு மூலையில் நின்று சாய்வாகப் பாருங்கள். குறுக்கே ஒரு திசை, இரண்டு சாய்வுத் திசை என மூன்று திசையிலும் புள்ளிகள் நூல் பிடித்ததுபோல் நேராக நிற்க வேண்டும். மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி அரை விரல் அளவு நகர்ந்தால் போதும். அடுத்த வரிசை அதைப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது, அதற்கடுத்தது இதைப் பார்த்து. எட்டாவது வரிசைக்குப் போவதற்குள் கோலமே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த அம்மாவின் கோலம் சாயவில்லை. குனிந்த நிலையிலேயே, கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே இடைவெளியை 169 இடங்களில் திரும்பப் பிடித்திருக்கிறார். எந்த ஓவியக் கல்லூரியிலும் இதை நுழைவுத் தேர்வில் வைத்தால் பாதிப் பேர் தேற மாட்டார்கள்.

அப்புறம் அந்தக் கை. பொடியை அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு விட்டு இறக்குகிறார்கள். மற்ற விரல்கள் பொடியைத் தாங்கிப் பிடித்திருக்கும். கை தரையைத் தொடாது. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கை நிற்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்துத்தான் கோட்டின் தடிமன். வேகம் குறைந்தால் கோடு பருத்துவிடும், கூடினால் திட்டுத் திட்டாக விட்டுப்போகும். வளைவில் யாருக்கும் கை தானாக மெதுவாகும். அங்கே பொடி கொட்டாமல் விரல் இடுக்கைச் சற்றே இறுக்க வேண்டும். இது ஒரு வளைவில் நடக்கிற விஷயம். சிக்குக் கோலத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் வளைவுகள் வரும், ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும். கோலத்தின் தாளம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சுற்று, குறுக்கே போ, சுற்று, திரும்பு என்று கை ஒரே நடையில் போய்க்கொண்டிருக்கும். அந்த நடை தரையில் பதிந்துவிடுகிறது. கோலம் முடிந்த பிறகு பார்க்கிறவர்களின் கண்ணும் அதே நடையில் அந்தக் கோட்டின் மேல் போகிறது.

உருளையில் போட்ட கோலத்தையும் கையால் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். உருளையும் திரும்பத் திரும்பத்தான் போடுகிறது, அச்சுப் பிசகாமல் போடுகிறது. ஆனால் முதல் பூவைப் பார்த்ததும் மீதிப் பூக்களைப் பார்க்கிற தேவையே போய்விடுகிறது. கையால் போடும்போது ஒவ்வொரு பூவும் அடுத்த பூவுக்கு அண்டை வீடு. இந்த இதழ் கொஞ்சம் அகன்றுவிட்டதா, அடுத்ததைக் கொஞ்சம் அகட்டி இரண்டையும் சமன் செய்துவிடுவார்கள். இந்தச் சின்னச் சின்ன விட்டுக்கொடுப்பு கோலம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். அதனால் ஸ்டிக்கர், உருளை, சல்லடைத் தட்டு, துளைக் குழாய் எதையும் புள்ளிக் கோலப் பிரிவில் அனுமதிக்காதீர்கள். வீட்டில் இடுப்பு வலிக்காரர்கள் பயன்படுத்தட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போட்டியில் வேண்டாம்.

திரும்ப வருவதில் கற்பனை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பெயினில் கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனையின் சுவர் ஓடுகளில் உருவமே கிடையாது, வடிவங்களின் தொடர்ச்சி மட்டும்தான். டச்சு ஓவியர் எம். சி. எஷர் 1936இல் அங்கே இரண்டாவது முறையாகப் போய், மனைவியோடு உட்கார்ந்து அந்த ஓடுகளின் அமைப்பைப் பார்த்துப் பார்த்து வரைந்து எடுத்தார். பறவையும் மீனும் பல்லியும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கிற அவருடைய புகழ்பெற்ற படங்கள் அதற்குப் பிறகு வந்தவை. உலகம் அவரைக் கற்பனை வளம் குறைந்தவர் என்று சொல்லவில்லை.

கோலத்திலும் திரும்ப வைப்பதில் பல வழி உண்டு. நடுவர்கள் அதைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். நாலு மூலைக்கு நாலு மயில் என்று வையுங்கள். எல்லா மயிலும் ஒரே சுற்றில், ஒன்றன் வாலை இன்னொன்று துரத்துகிற மாதிரி நிற்கலாம். அல்லது இரண்டிரண்டாக முகத்தோடு முகம் பார்த்து நிற்கலாம். முதல் வகையில் ஒரே மயிலைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி வைக்கிறோம். கோலம் சுழல்வதுபோல் இருக்கும், கண் ஓரிடத்தில் நிற்காது. இரண்டாவது வகையில் மயிலைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எதிர்ப்பக்கமாக வரைகிறோம். கோலம் அசையாமல் அமர்ந்துவிடும், அதில் ஒரு கம்பீரம் வரும். இரண்டுமே அழகுதான். ஆனால் சுழற்சியாகத் தொடங்கிவிட்டு மூன்றாவது மூலையில் தன்னை அறியாமல் மயிலை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறவர்கள் ஏராளம். ஏனென்றால் போடுகிறவர் கோலத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே போடுகிறார், அவருடைய வலது இடது மாறிக்கொண்டே இருக்கிறது. நாலு மூலையும் பிசகாமல் ஒரே சுற்றில் போகிற கோலத்தைப் பார்த்தால், அதைப் போட்டவர் தரையில் உள்ளதைத் தலைக்குள்ளும் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மதிப்பெண் உண்டா உங்கள் தாளில்?

சிக்குக் கோலத்துக்கு வருகிறேன். ஒற்றை இழையில் முடித்தால் கூடுதல் மதிப்பெண் என்று சில இடங்களில் போடுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் எந்தப் புள்ளிக் கணக்கில் ஒற்றை இழை தானாக வரும், எதில் பாடுபட்டால்தான் வரும் என்று தெரியாமல் மதிப்பெண் போட்டால் அதில் பயனில்லை. ஒரு தாளை எடுங்கள். வரிசைக்கு 5 புள்ளியாக 4 வரிசை வையுங்கள், எல்லாம் நேர்ப்புள்ளி, அதாவது ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. அடுத்தடுத்த எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் கோடு குறுக்கிட்டுப் போகட்டும், ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பட்டும். வேறு எந்த வேலையும் செய்ய வேண்டாம். எங்கே தொடங்கினாலும் எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு ஒரே இழையாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இப்போது வரிசைக்கு ஒரு புள்ளியைக் குறைத்து 4க்கு 4 வைத்து அதே மாதிரி போடுங்கள். தனித்தனியாக 4 இழை வரும். 4க்கு 6 என்றால் 2 இழை. 5க்கு 5 என்றால் 5. பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான் இது. இரண்டு எண்களுக்கும் அது எவ்வளவோ, அத்தனை இழை.

ஆகவே 4க்கு 5இல் ஒற்றை இழை கொண்டு வந்தவரைப் பாராட்டலாம், அவ்வளவுதான். 4க்கு 4இல், 5க்கு 5இல், நாலு பக்கமும் ஒத்திருக்கிற சதுரத்தில் ஒற்றை இழையைக் கொண்டு வந்தவர் பெரிய வேலை செய்திருக்கிறார். அதற்கு என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு தனி இழைகள் குறுக்கிடுகிற ஏதாவது ஓர் இடத்தைப் பிடிப்பார்கள். அங்கே குறுக்கே போகாமல் இரண்டையும் வளைத்து வந்த பக்கமே திருப்பி விடுவார்கள். உடனே இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். ஆனால் ஓரிடத்தில் அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் மட்டும் கோலத்தின் முகம் மாறிவிடும். சமன் கெடாமல் இருக்க மற்ற மூன்று பக்கங்களிலும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். செய்தால், ஒன்றான இழை வேறெங்காவது திரும்பவும் பிரிந்துபோகலாம். ஒழுங்கும் கெடக்கூடாது, இழையும் அறுபடக்கூடாது. இந்தச் சிக்கலைத்தான் நம் பாட்டிமார்கள் விடியற்காலை இருட்டில், உள்ளே அடுப்பில் பால் பொங்குவதற்குள் தீர்த்துவைத்துவிட்டு எழுந்து போனார்கள். பிரம்ம முடிச்சு என்ற சிக்குக் கோலத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று இழையைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து பாருங்கள். எங்கே குறுக்கிடுகிறது, எங்கே திரும்புகிறது என்பதில் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்று புரியும்.

இது என் ஒருத்தியின் வியப்பு அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் விதிகள் எழுத முடியும், ஒரு சிறு வடிவத்திலிருந்து அந்த விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அடுத்தடுத்த பெரிய கோலங்களை வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். கணினி அறிவியலில் படங்களை விதிகளால் உருவாக்கும் ஆராய்ச்சி இளம் பருவத்தில் இருந்த காலம் அது. அதற்கு எடுத்துக்காட்டு வாசல் தெளித்த தரையிலிருந்து போனது. 2002இல் மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கோல மரபைப் பற்றி விரிவாகவே எழுதினார். அவர்கள் மதித்ததை நம் தெரு முனைப் போட்டி ஏன் மதிக்கக் கூடாது?

இன்னொரு கோரிக்கை, எனக்கு மிக முக்கியமானது. கோலம் போடும்போதே வந்து பாருங்கள். இப்போது நடப்பது என்ன? 1 மணி நேரம் முடிந்து விசில் ஊதியதும் எல்லோரும் எழுந்து ஓரமாக நிற்கிறார்கள், அப்போதுதான் நடுவர்கள் தேநீர் முடித்துவிட்டு வருகிறார்கள். முடிந்த கோலத்தில் பாதிதான் தெரியும். கோடு எங்கே தொடங்கியது, எங்கே கை தயங்கியது, எந்தப் புள்ளியை அழித்துத் திரும்ப வைத்தார், எதை யோசிக்காமல் ஒரே வீச்சில் முடித்தார் என்பதெல்லாம் போடும்போது மட்டுமே பார்க்கக் கிடைப்பவை. ஆப்பிரிக்காவில், அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் சோக்வே மக்களிடம் சோனா என்று ஒரு மணல் ஓவிய மரபு உண்டு. நம்மைப் போலவே அவர்களும் முதலில் விரல் நுனியால் புள்ளி வரிசை பதிப்பார்கள், பிறகு அதைச் சுற்றி விரலால் கோடு இழுத்துக்கொண்டே கதை சொல்வார்கள். கோடு இழுக்கும்போது நடுவில் தயங்கி நின்றால் கூடியிருப்பவர்கள் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்வார்கள். அங்கே பார்வையாளர்கள் முதல் புள்ளியிலிருந்தே உடன் இருக்கிறார்கள். கடல் கடந்து, நமக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் தெரியாத ஓரிடத்தில் அதே புள்ளி, அதே இழை. அவர்கள் பார்க்கிற முறையையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் புகைப்படம் வாங்கி நடுவர் வீட்டிலிருந்தே மதிப்பெண் போடும் வழக்கம் கொரோனா காலத்தில் தொடங்கியது, இன்னும் சில இடங்களில் விடவில்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் எந்தப் புள்ளி வரிசையும் கோணலாகத்தான் தெரியும். தவிர்க்கவே முடியாது என்றால், கோலத்துக்கு நேர் மேலேயிருந்து ஒரு படமும், புள்ளி வைத்து முடித்து இழை தொடங்கும் முன் ஒரு படமும் கேளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் எனக்கும் விழாக் குழுக்களுக்கும் அடிக்கடி சண்டை வருகிறது. நிறம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவிக் கரை கட்டிய வெள்ளைக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோட்டின் ஓட்டம் அந்தச் செம்மண் கரையால் இன்னும் துலங்கித் தெரியும். அங்கே நிறம் கோட்டுக்குத் துணை நிற்கிறது. அதே கோலத்தின் ஒவ்வொரு அறைக்குள்ளும் பச்சை, ரோஸ், ஊதா என்று பொடியை நிரப்பிவிட்டால் கண் கோட்டை விட்டுவிட்டு நிறத் திட்டுகளைப் பார்க்கத் தொடங்கிவிடும். இழை எங்கே போகிறது என்று யாரும் தேட மாட்டார்கள். விதிமுறையில் நிறத்துக்கு 25 மதிப்பெண் என்று போட்டிருப்பதால், வெள்ளையிலேயே நிறைவாக முடிந்த கோலத்தின் மேல் கடைசிப் பத்து நிமிடத்தில் மனமில்லாமல் பொடி தூவுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது. புள்ளிக் கோலப் பிரிவில் வெள்ளையும் காவியும் போதும் என்று வைத்துவிடுங்கள், இந்தக் கொடுமை நின்றுவிடும்.

சமூகக் கருத்துக்குக் கூடுதல் மதிப்பெண் என்பதையும் இந்தப் பிரிவில் எடுத்துவிடுங்கள். மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம் எல்லாம் நல்ல வாசகங்கள்தான். ஆனால் இழை ஓட்டத்துக்கு நடுவே தடித்த எழுத்தில் ஒரு வாசகம் வந்து உட்கார்ந்தால் தாளம் அங்கேயே அறுந்துபோகும். கருத்துச் சொல்ல ரங்கோலிப் பிரிவு இருக்கிறது, அங்கே தாராளமாகச் சொல்லட்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இடம் 5க்கு 5 அடி என்று எல்லோருக்கும் ஒரே கட்டம் போடுவதால் புள்ளிக் கோலக்காரர்களுக்குத் தொந்தரவு. ஒருவர் நெருக்கிப் புள்ளி வைப்பார், ஒருவர் தள்ளி வைப்பார், அது அவரவர் விரலும் கண்ணும் பழகிய இடைவெளி. அதனால் அடிக்கணக்கை விட்டுவிட்டுப் புள்ளிக் கணக்கைக் கொடுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய், போட்டி தொடங்கும் நேரத்தில் எல்லோருக்கும் ஒரே புள்ளிக் கணக்கை அறிவியுங்கள். இடைப்புள்ளி 13, 7இல் நிறுத்தம் என்று வையுங்கள். ஒரே ஆதி தாளத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிருதங்கக்காரரும் வேறு வேறு தனி வாசிப்பதைப் போல, ஒரே புள்ளிக்குள் ஆளுக்கொரு கோலம் முளைக்கும். ஒருவர் தாமரையாக்குவார், ஒருவர் நட்சத்திரமாக்குவார், ஒருவர் சிக்கிலேயே முடித்துவிடுவார். ஒப்பிட்டு மதிப்பெண் போடவும் உங்களுக்கு வசதி.

தரையைக் கொஞ்சம் கவனியுங்கள். தார்ச் சாலையில் அப்படியே போடச் சொல்கிறீர்கள். தூசி மேல் பொடி நிற்காது, சிறு காற்றுக்கே கலையும். முந்தின நாளே பெருக்கி, அன்று காலை தண்ணீர் தெளித்து, ஈரம் பாதி இழுத்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள். ஈரம் அதிகம் இருந்தால் பொடி ஊறிக் கோடு பரவும், காய்ந்தே போனால் பிடிக்காது. சாணம் தெளித்த மண் வாசலில் இந்தக் கவலையே இருக்காது, ஆனால் நகரத்தில் அதற்கு எங்கே போவது. பகல் 2 மணிக்குப் போட்டி வைக்கிற குழுக்களே, காலை 6 மணிக்கு வையுங்கள். சிறப்பு விருந்தினர் அந்த நேரத்துக்கு வர மாட்டார் என்றால் அவர் மெதுவாகப் பரிசு கொடுக்க வரட்டும்.

பொடியையும் நீங்களே கொடுத்தால் நல்லது. சிலர் பச்சரிசி மாவு கொண்டு வருகிறார்கள், சிலர் கல்லை அரைத்த கோலமாவு கொண்டு வருகிறார்கள். கல்மாவு மணல் மாதிரி விரலிலிருந்து சீராக இறங்கும். அரிசி மாவு கட்டி கட்டும், சற்றுக் கரகரப்பாக அரைத்திருந்தால்தான் ஒழுங்காக இறங்கும். இரண்டையும் வைத்துப் போட்ட கோடுகளை ஒப்பிடுவது நியாயமில்லை.

இழைக் கோலத்துக்கு, அதாவது அரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்துப் போடும் மாக்கோலத்துக்கு, வேறு நேரக் கணக்கு வேண்டும். சின்னத் துணித் துண்டை மாவுக் கரைசலில் நனைத்து உள்ளங்கையில் வைத்துப் பிழிய, அது மோதிர விரல் வழியாக இறங்கிக் கோடாகும். போட்டவுடன் தரையில் ஒன்றுமே தெரியாது, ஈரத் தடம் மட்டும்தான். காயக் காயத்தான் வெள்ளை எழும்பி வரும். போடுகிறவர் தான் போட்ட கோட்டைச் சரியாகப் பார்க்கக்கூட முடியாமல், அடுத்த இழையை அதற்குப் பக்கத்தில் அதே இடைவெளியில் இழுத்துக்கொண்டு போகிறார். கை நடையை நம்பித்தான் முழுக் கோலமும். இந்தக் கோலத்தை விசில் ஊதியவுடன் வந்து பார்த்துவிட்டு மங்கலாக இருக்கிறது என்று மதிப்பெண் குறைத்த நடுவர்கள் உண்டு. அரை மணி நேரம் காய விட்டுப் பாருங்கள், போதும்.

மதிப்பெண் தாளில் எதையெல்லாம் வைக்கலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றுவது இது. புள்ளி வரிசையின் நேர்த்திக்குப் பெரிய பங்கு. வளைவுகள் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதற்கு அதே அளவு. கோடு மட்டும் இல்லை, கோட்டுக்கு நடுவில் மிச்சமிருக்கிற தரையையும் பாருங்கள். அந்த வெற்றிடங்களும் ஒரே அளவாகத் திரும்பத் திரும்ப வந்தால்தான் கோலம் மூச்சு விடும். இழை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேருகிற ஒட்டைத் தேடிப் பாருங்கள், கண்டுபிடிக்க முடியாவிட்டால் முழு மதிப்பெண். கடைசியாக, புள்ளிக் கணக்கைத் தேர்ந்தெடுத்ததிலும் இழையைத் திருப்பியதிலும் தெரிகிற யோசனைக்கு ஒரு பங்கு. கற்பனை என்ற கட்டத்தை எடுக்க வேண்டாம், அது இதற்குள்தான் இருக்கிறது என்று நடுவருக்குச் சொல்லிவிட்டால் போதும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பரிசு எதற்குப் போகிறதோ அதைத்தான் அடுத்த தலைமுறை பழகும். என் வகுப்பில் பிள்ளைகளிடம் கோலம் போடச் சொன்னால் பெரும்பாலும் ஒரு படத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்து அதைப் பார்த்து வரைகிறார்கள். புள்ளி வைத்துத் தொடங்குகிறவர்கள் ஒரு சிலர், அவர்களும் வீட்டில் பாட்டி இருக்கிறவர்கள். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். 4க்கு 5 வைத்து இழை இழுக்கச் சொல்லி, பிறகு 4க்கு 4 வைக்கச் சொன்னால், நாலு தனி இழை வந்ததும் வகுப்பே கூடிவிடுகிறது. ஏன் டீச்சர், ஏன் டீச்சர் என்று விட மாட்டார்கள். கணக்கு பிடிக்காத பிள்ளைகளும் பையன்களும் அதில் உண்டு. உங்கள் போட்டியில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, பையன்களையும் சேர்த்து, இப்படிச் சின்னச் சிக்கு ஒன்றை வையுங்கள். தரையில் கூட வேண்டாம், பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

இன்னொரு வேலையும் விழாக் குழுக்களால் முடியும். வீட்டுக்கு வீடு பழைய கோல நோட்டுகள் இருக்கின்றன. நாற்பது பக்கம், கட்டம் போட்ட நோட்டு, பென்சிலில் புள்ளி, பேனாவில் இழை, ஓரத்தில் நேர் 11, இடை 9 என்று குறிப்பு, சில பக்கத்தில் அதைச் சொல்லித் தந்தவரின் பெயர். வீடு மாற்றும்போதும் பெரியவர்கள் இறந்த பிறகும் இவை பழைய பேப்பரோடு போய்விடுகின்றன. போட்டிக்கு வருகிறவர்களிடம் அந்த நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஓர் ஓரமாக மேசை போட்டு, உரியவர்களின் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், யாரிடம் கற்றது, என்ன பெயர் சொல்வார்கள் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். செலவு கிட்டத்தட்ட இல்லை.

விதிமுறைத் தாள் அச்சுக்குப் போகும் முன் இதைக் குழுவில் வைத்துப் பேசுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்றால், தனிப் பிரிவு, ஒரே புள்ளிக் கணக்கு, நடுவர் ஆரம்பத்திலிருந்து இருப்பது, இந்த மூன்றை மட்டுமாவது இந்த மார்கழியில் தொடங்குங்கள். நடுவருக்கு ஆள் வேண்டுமென்றால் ஓவிய ஆசிரியர்களை மட்டும் தேடாதீர்கள். உங்கள் தெருவிலேயே, யார் வாசல் கோலத்தைப் பார்க்க மற்றவர்கள் கொஞ்சம் நின்று போகிறார்களோ, அவரை நடுவராக உட்கார வையுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன். சால்வையும் நினைவுப் பரிசும் வேண்டாம், முதல் புள்ளி வைக்கும் முன் வந்து நிற்க அனுமதி இருந்தால் போதும்.

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியை